அடிச்சத்தமும் அடிநாதமும்

மாசி பிறந்துவிட்டது. சம்பா அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசு புழங்கும் காலம். இனி ஆடி முடியும்வரை தஞ்சாவூரைச் சுற்றி ஊருக்கு ஊர் காப்புக்கட்டு, தீமிதி, கல்யாணம், காதுகுத்து என்று ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வு கிடையாது. விழாக் கமிட்டிகள் கூடி 'இந்த வருஷம் சவுண்ட் யாருக்குக் கொடுப்பது' என்று பேசிக்கொண்டிருக்கும் நேரம். என் மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல இதுவே சரியான சமயம்.

நம் மேடைகளில் 'பேஸ்' என்ற பெயரில் இன்று நாம் காசு கொடுத்து வாங்குவது பேஸ் இல்லை. நெஞ்சில் குத்துகிற ஒரு அடி, அவ்வளவுதான். அந்த அடியில் ஸ்வரம் கிடையாது. ஸ்வரம் இல்லாத சத்தத்துக்காகப் பெட்டிமேல் பெட்டி அடுக்கி, ஊரில் இருக்கும் வயசானவர்களையும் கைக்குழந்தைகளையும் தூங்கவிடாமல் செய்துவிட்டு, கடைசியில் பாட்டையும் கேட்காமல் வீட்டுக்குப் போகிறோம்.

'இதைச் சொல்ல உமக்கு என்ன ஐயா தகுதி?' என்று கேட்டால் சொல்கிறேன். பகலில் அரசாங்க உத்தியோகம். சனி, ஞாயிறு ராத்திரிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார். 1979-லிருந்து ஏறத்தாழ இருபது வருஷம் ஒரத்தநாடு, பாபநாசம், நீடாமங்கலம், மன்னார்குடி என்று டெம்போ வேனில் சுற்றியிருக்கிறேன். பேர் சொல்லும்படியான வாத்தியக்காரன் இல்லை. ஆனால் மேடையின் பின்வரிசையில் நின்றுகொண்டு, கீழே என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று இருபது வருஷம் கவனித்தவன்.

பேஸ் வாசிப்பவனை யாருக்கும் தெரியாது. பாடகருக்குக் கைதட்டல், கீபோர்டுக்கு விசில், டிரம்ஸைச் சுற்றிப் பொடியன்கள் கூட்டம். என்னிடம் வருபவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னண்ணே, நாலு கம்பிதான் இருக்கு, மீதி ரெண்டும் அறுந்துபோச்சா?"

நாலு கம்பிதான். அதிலே இருக்கிறது சூட்சுமம். சாதாரண கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை பேசும். திறந்த கம்பிகளை மீட்டினால் முறையே சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். 41 ஹெர்ட்ஸ் என்றால் காற்றில் அதன் ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். டவுன் பஸ்ஸில் முக்கால்வாசி. இவ்வளவு பெரிய அலையைக் கிளப்ப வேண்டுமென்றால் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பேஸ் வாசிப்பவர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் 'என்ன ஆம்ப், எத்தனை இஞ்ச் ஸ்பீக்கர், பெட்டி யார் அடித்தது' என்ற பேச்சில்தான் போய் முடிவார்கள். வேறு எந்த வாத்தியக்காரருக்கும் இந்த வியாதி இவ்வளவு கிடையாது. காரணம், மற்றவர்களுக்கு வாத்தியமே பாதி சத்தத்தைக் கொடுத்துவிடும். எங்களுக்குப் பெட்டி இல்லாவிட்டால் வெறும் கட்டை.

இந்த வாத்தியம் பிறந்த கதையே சத்தம் போதாமல் பிறந்த கதைதான். அமெரிக்காவில் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், டிரம்ஸுக்கும் ஊதுவாத்தியங்களுக்கும் நடுவில் தங்கள் வாத்தியம் கேட்கவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். லியோ ஃபெண்டர் 1951-ல் தோளில் மாட்டிக்கொள்ளும் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்தார். அந்தப் பெயரைக் கவனியுங்கள். பிரிசிஷன் என்றால் துல்லியம். கழுத்தில் மெட்டு இருப்பதால் ஸ்வரம் வழுக்காமல் விழும் என்பதுதான் அவர் சொன்ன பெருமை. 1969-ல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட்ஸ் ஆம்பும் எட்டு பத்து இஞ்ச் ஸ்பீக்கர் கொண்ட பெட்டியும் செய்தது. 1974-ல் 'கிரேட்ஃபுல் டெட்' குழு மேடைக்குப் பின்னால் சுவர் மாதிரி ஸ்பீக்கர்களை அடுக்கியபோது, ஃபில் லெஷ் என்ற பேஸ் கலைஞருக்கு ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஸ்பீக்கர் வரிசை கொடுக்க வழி செய்தார்கள். அத்தனை பெட்டியும் எதற்கு? ஒரு கம்பியின் ஸ்வரம் இன்னொரு கம்பியின் ஸ்வரத்தோடு குழம்பாமல் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. நாம் அவர்களுடைய பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டோம். காரணத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

சரி, வெள்ளைக்காரன் கதை இருக்கட்டும். கீழ்ஸ்தாயி நாதத்தின் அருமை தஞ்சாவூர்க்காரனுக்குப் புதுசா என்ன?

நம் ஊர் வீணையையே பாருங்கள். பலாமரக் குடம், 24 மெட்டுகள், வாசிப்பதற்கு நாலு தந்தி, தாளத்துக்கு மூன்று. ரகுநாத நாயக்கர் காலத்தில் இன்றைய வடிவுக்கு வந்ததாகச் சொல்லப்படுவது. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த நாலு தந்திகளின் பெயர் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். சாரணியை மூன்று கட்டைக்குச் சேர்த்தால், தடித்த அனுமந்தரத் தந்தி சுமார் 62 ஹெர்ட்ஸில் பேசும். என் பேஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பிக்கும் இரண்டாவது கம்பிக்கும் நடுவில் வந்து உட்காரும் ஸ்வரம் அது. பேஸ் கிட்டார் பிறப்பதற்கு முன்னூறு வருஷம் முன்னாலேயே நம் ஊரில் பேஸ் இருந்திருக்கிறது. தானம் வாசிக்கும்போது விதுஷி ஒருவர் அனுமந்தரத்தில் இறங்கினால், கூடத்தில் இருக்கும் எல்லாரும் தாமாகவே பேச்சை நிறுத்துவார்கள். அது சத்தத்தால் வந்த அமைதி இல்லை.

மிருதங்கத்துக்கு வாருங்கள். வலந்தலையில் கறுப்பாக இருக்கும் சோறு ஏன் இருக்கிறது, அதனால் தோல் எப்படி ஒத்திசையும் மேல்ஸ்வரங்களைக் கொடுக்கிறது என்று திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனே ஆராய்ந்திருக்கிறார்; 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அது வலப்பக்கத்தின் பெருமை. எனக்குப் பிடித்தது இடப்பக்கம், தொப்பி. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியில் அப்புவார்கள். கொஞ்சம் கூடினால் மந்தமாகிவிடும், குறைந்தால் வறட்டுச் சத்தம். வித்வான் ஒரு சிட்டிகை வைப்பார், தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார். அதுதான் ஐயா ஈக்வலைசர்! பொத்தானுக்குப் பதில் ரவை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியில் எழுந்த கும்கியைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள் என்றால், அது அந்தத் தொப்பியில் ஸ்வரம் இருந்ததால்தான்.

இதையெல்லாம் மைக் என்ன செய்கிறது என்ற கேள்வியும் புதுசு இல்லை. தஞ்சாவூர் வைத்தியநாதய்யரின் சிஷ்யர் பாலக்காடு மணி அய்யர், 1960-களில் மைக் வைத்த கச்சேரியில் வாசிக்கமாட்டேன் என்று சில காலம் பிடிவாதமாக இருந்தார். அவருக்கு அப்போது இருந்த கிராக்கிக்கு, அது தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்கிற காரியம். ஆனாலும் நின்றார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. திருவையாற்றில் ஆராதனைப் பந்தலில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும்போது மைக் இல்லாமல் முடியாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி செல்லும்: பெருக்குவது வாத்தியத்தின் நாதத்தையா, வெறும் அடியையா?

எங்கள் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று பழம்பெருமை பேச நான் வரவில்லை. அன்றைக்கு மைக்செட் என்றால் கூம்பு ஒலிபெருக்கிதான். பனைமரத்தில் ஒன்று, மூங்கில் கம்பத்தில் ஒன்று. இருநூறு முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குக் குரலே எழும்பாது. நான் 41 ஹெர்ட்ஸில் மீட்டுவதை அது எங்கே சொல்லப்போகிறது? தச்சரிடம் சொல்லி ப்ளைவுட்டில் அடித்து, பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று மாட்டிய பெட்டி மேடையில் எனக்குப் பின்னால் இருக்கும். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பத்து வரிசைக்கு அது கேட்கும். அதற்கு அப்பால் கூம்பு விட்ட வழி.

ஆனால் ஒரு விந்தை. கூம்பில் பேஸ் வராவிட்டாலும், ஜனங்கள் காதில் அது விழுந்தது. மாயமில்லை. ஒரு ஸ்வரத்தை மீட்டினால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேல்ஸ்வரங்களும் கூடவே எழும். அடி ஸ்வரம் காணாமல் போனாலும், மேலே வரும் இந்த வரிசையை வைத்துக் காதும் மூளையும் சேர்ந்து 'அடியில் இன்ன ஸ்வரம் இருக்கவேண்டும்' என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். கையகல டிரான்சிஸ்டரில் இளையராஜா பாட்டின் பேஸை நாமெல்லாம் கேட்டு ரசித்தது இப்படித்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவர் பாட்டுகளில் பேஸ் என்பது ஒதுங்கி நிற்கிற வேலைக்காரன் இல்லை. அடியில் தனியாக ஓடும் இன்னொரு மெட்டு. அவர் எழுதிக் கொடுத்ததைச் சசிதரன் வாசித்தார். டேப் ரிக்கார்டரில் ஓட்டி ஓட்டி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதே எங்களுக்குப் பள்ளிக்கூடம். பின்னால் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்டு அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது. ஸ்வரம் சுத்தமாக இருந்தால், ஓட்டை ரேடியோவும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். கருவிகளுக்குக் குறைவே இல்லை. பதினெட்டு இஞ்ச் சப் பெட்டிகள், லைன் அரே, டிஜிட்டல் மிக்சர், எல்லாம் சின்ன ஊர்களுக்குக்கூட வந்துவிட்டன. நாங்கள் கனவிலும் பார்க்காத சாமான்கள். 41 ஹெர்ட்ஸை அப்படியே வயல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியவை. ஆனால் மேடைக்கு எதிரில் போய் நில்லுங்கள். 'டம், டம், டம்.' பாட்டு மாறும், ராகம் மாறும், சுருதி மாறும். அந்த 'டம்' மட்டும் மாறாது. எல்லா ஸ்வரமும் ஒரே ஸ்வரமாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மேடைக்கு இடப்பக்கம் நாலு சப், வலப்பக்கம் நாலு சப் என்று பிரித்து வைக்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் நீளமான அலைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பினால், நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து வீங்கும். கொஞ்சம் ஓரமாகப் போனால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நடுவில் நிற்பவனுக்கு இடி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சூனியம். உடனே 'பேஸ் பத்தலை' என்று ஒரு குரல் வரும், குமிழ் இன்னும் கொஞ்சம் ஏறும். கல்யாண மண்டபம் என்றால் கேட்கவே வேண்டாம். வழவழவென்று தரை, எதிரெதிரே மொட்டைச் சுவர். கீழ்ஸ்வரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியைச் சுவர் மூலையில் வைத்தால் அது இன்னும் பெருக்கும். போன அடி ஓய்வதற்குள் அடுத்த அடி. நடுவில் ஸ்வரம் எங்கே நுழைவது?

இன்னொன்று. பெட்டியைக் கூட்டினால் சத்தம் அப்படியே கூடும் என்று நினைக்கிறோம். ஆயிரம் வாட்ஸை இரண்டாயிரமாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர். ஆக, கமிட்டி வசூலித்த பணத்தில் இன்னும் இரண்டு பெட்டி சேர்ப்பதால் பாட்டுக்குக் கிடைப்பது அற்பம். ஜெனரேட்டர் டீசலுக்குத்தான் லாபம்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாகஸ்வரக் குழுவை நல்ல மரியாதையோடு அழைத்திருந்தார்கள். பாரி நாயனம், அந்த அகன்ற, தாழ்ந்த நாதத்தை ஊரறியச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் ஆச்சா மரத்தில் கடைந்து கொடுக்கும் வாத்தியம், 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. மைக்கே தேவையில்லாமல் நாலு வீதிக்குக் கேட்கப் பிறந்தது. அதற்குப் பத்தடியில் மைக் வைத்து, தவிலுக்கு இன்னொரு மைக் வைத்து, இரண்டையும் சப்பில் ஓடவிட்டார் ஆபரேட்டர். தவிலின் இடப்பக்கம் பூவரசங்கழியால் விழும் ஒவ்வொரு அடிக்கும் சொல் உண்டு. அத்தனை சொல்லும் 'திம், திம்' என்று ஒரே உறுமலாகிவிட்டது. வாசித்து முடித்ததும் தவில்காரரிடம் போய்ப் பேசினேன். விரலிலிருந்து கூடுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நாம வாசிக்கிறது நமக்கே கேக்கலீங்க சார். கை போற போக்குல போறோம்." முப்பது வருஷம் சாதகம் செய்த கை, தன் சொல்லைத் தானே கேட்க முடியாமல் வாசிக்கிறது. இதைவிடப் பெரிய அவமரியாதை ஒரு கலைஞனுக்கு என்ன செய்துவிட முடியும்?

ஊருக்குள் இருப்பவர்கள் பாடு வேறு. மேல்ஸ்வரங்களைக் கதவைச் சாத்தி, ஜன்னலை மூடித் தடுத்துவிடலாம். கீழ்ஸ்வரம் சுவரைத் தாண்டி வரும். ஜன்னல் கண்ணாடி அதிரும், பரணில் வைத்த பாத்திரம் பேசும். அதிலும் மாசி, பங்குனி ராத்திரிகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போகவேண்டிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வரும். அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கும் வயல் தாண்டி அடுத்த ஊர்த் திருவிழா நம் வீட்டுத் திண்ணையில் கேட்பது இதனால்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். ஆனால் அந்த அளவீட்டில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. மீட்டர் அளப்பது 'ஏ' எடையிட்ட டெசிபல். மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ஸ்வரங்களைக் குறைவாகவே உணரும் என்பதை வைத்து வகுத்த அளவு அது. அதனால் 63 ஹெர்ட்ஸில் வரும் ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மீட்டர் கணக்குச் சொல்லும். 40 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் கிட்டத்தட்ட 35 டெசிபல் கழிவு. பாடகரின் குரலை அது ஒழுங்காக எழுதிக்கொள்ளும். சப் பெட்டியைப் பாதி கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும். இருதய நோயாளி படுத்திருக்கும் வீட்டில் கட்டில் அதிர்கிறது என்று புகார் கொடுத்தால், மீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். கீழ்ஸ்வரங்களை அவ்வளவாகக் கழிக்காத 'சி' அளவு என்று ஒன்று உண்டு. மீட்டர்கள் பலவற்றில் ஒரு பொத்தானை மாற்றினால் போதும். இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று விதி வந்தால்தான் இந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு அது சரிப்படும். கூம்பு ஒலிபெருக்கியை மனசில் வைத்துப் பேசிய காலம் மலையேறிவிட்டது.

இதில் யாரும் பேசாத இன்னொரு இழப்பும் உண்டு. பேஸ் பெட்டிகள் பெருகப் பெருக, பேஸ் வாசிக்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறார். கீபோர்டுக்காரரே இடது கையால் சமாளிக்கிறார். அதுவும் வேண்டாம் என்றால் டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் பாடுகிறார். என்னோடு வாசித்தவர்களில் ஒருவர் கிட்டாரை விற்றுவிட்டு செல்போன் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் வீட்டில் அது அலமாரிக்குமேல் உறையோடு இருக்கிறது. எட்டு சப் பெட்டிக்கு வாடகை கொடுக்கக் காசு இருக்கிறது, அதற்குள் அனுப்ப நாலு கம்பியை மீட்டும் ஒரு மனிதனுக்குக் கொடுக்க இல்லை. பாடகர் கொஞ்சம் இழுத்தால் டிராக் காத்திருக்காது. மனிதன் காத்திருப்பான்.

சவுண்ட் சர்வீஸ் தம்பிகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். வாடகை பெட்டிக் கணக்கில்தான் வருகிறது. ஒரு தம்பியிடம் 'சப்பைக் கொஞ்சம் இறக்கேன்ப்பா' என்று கேட்டபோது, "எறக்கினா நல்லாத்தான் சார் இருக்கும். ஆனா கமிட்டிக்காரங்க வந்து, பக்கத்து ஊர்ல இதைவிட அதிர்ந்துச்சேன்னு காசைக் கொறைச்சுடுவாங்க" என்றார். நியாயம்தானே? இளவட்டங்கள் ஆடுவதற்கு அதிர்வு வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. பதினெட்டு வயசில் நானும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றவன்தான். உடம்பில் தாளம் ஏறுவது ஒரு சுகம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆடுகிற காலுக்கும் ஸ்வரம் வேண்டும். அடி மட்டும் இருந்தால் பத்து நிமிஷத்தில் அலுத்துப்போகும். அலுப்பை மறைக்க இன்னும் சத்தம் கூட்டுவார்கள். பறையும் உறுமியும் அடிப்பவர்களைக் கேளுங்கள். உறுமியின் தோலைக் குச்சியால் தேய்த்து ஏற்றி இறக்குகிறார்களே, அந்த உறுமலுக்கு ஏறுமுகம் இறங்குமுகம் உண்டு. சும்மாவா ஆளை ஆட வைக்கிறது!

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது கிழவர்களின் வழக்கம் என்று பேர் வாங்க விருப்பமில்லை. என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சப் பெட்டிகளை இரண்டு பக்கமும் பிரிக்காமல், மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மூலையில் வைக்க வேண்டாம். பாதிப் பெட்டியில் எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரி கேட்கும்.

பாடகர் மைக், நாகஸ்வர மைக், அறிவிப்பாளர் மைக் எதுவும் சப்புக்குப் போக வேண்டியதில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம்; மிக்சரில் அதற்குப் பொத்தான் இருக்கும். அந்தக் கீழ்த்தளத்தைப் பேஸ் கிட்டாருக்கும், கிக் டிரம்முக்கும், மிருதங்கத் தொப்பிக்கும் காலி செய்து கொடுங்கள். வண்டி குறைந்தால் ரோடு தானாகத் தெளியும்.

பேஸ் கிட்டார் இருந்தால் அதை டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்சருக்குக் கொடுத்துவிட்டு, மேடையில் இருக்கும் ஆம்பை வாசிப்பவர் காதுக்கு மட்டும் அளவாக வையுங்கள். தவில், மிருதங்கக் கலைஞர்களுக்கு ஒரு சின்ன மானிட்டராவது அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். அவர்கள் காதுக்குக் கேட்டால்தான் நம் காதுக்கு நல்லது வரும்.

கச்சேரிக்கு முன் பத்து நிமிஷம் பேஸை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லி, ஆபரேட்டரைக் கடைசி வரிசைவரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாலு ஸ்வரம் வாசித்தால் நாலும் வேறுவேறாகக் கேட்கிறதா? கேட்டால் சரி. எல்லாம் 'டம்' என்றால் குமிழை ஏற்றுவதில் பிரயோஜனமில்லை. பெட்டியை நகர்த்துங்கள், அல்லது குறையுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சப்பைப் பாதியாக இறக்கிவிடுங்கள். ஊர் அடங்கியபின் குறைந்த சத்தமே போதும். பத்து மணிக்கு முழுதாக நிறுத்துவதில் சண்டையும் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொட்டேஷனில் பெட்டிகளின் எண்ணிக்கைக்குக் கீழே 'ஆபரேட்டர்' என்று தனியாக ஒரு வரி போட்டு, அதற்குக் கௌரவமான தொகை கொடுங்கள். பெட்டிக்குக் காசு கொடுத்தால் பெட்டிதான் வரும். காதுக்குக் காசு கொடுத்தால் காது வரும். இரண்டு சப்பைக் குறைத்தால் மிச்சமாகும் வாடகையில் ஆபரேட்டருக்கும் கொடுக்கலாம், பேஸ் வாசிக்க ஒரு பையனையும் கூப்பிடலாம். தஞ்சாவூரில் கற்றுக்கொண்டு மேடை கிடைக்காமல் இருக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்தால் தெரியும்.

இந்த வாரமோ அடுத்த வாரமோ உங்கள் ஊர்க் கமிட்டி கூடும். 'எத்தனை பெட்டி?' என்று யாராவது தொடங்குவார்கள். அப்போது நீங்கள் எழுந்து, 'எத்தனை பெட்டி என்பது இருக்கட்டும், மிக்சர்ல யார் உட்காரப்போறாங்க? பேஸ் யார் வாசிக்கிறாங்க?' என்று மட்டும் கேளுங்கள். கூட்டத்தில் நாலு பேர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். திருவிழா முடிந்த மறுநாள் டீக்கடையில், 'இந்த வருஷம் பாட்டு என்னமோ நல்லா இருந்துச்சுப்பா, ஏன்னுதான் தெரியலை' என்று அதே நாலு பேர் சொல்வார்கள். பேஸ் சரியாக இருந்தால் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்.